சலவைக்கூடத்துப் பூச்செடிகள்

பன்னிரண்டு வருடம் நான் அந்த அக்காவுக்கு எதிரே நின்று ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடித்திருக்கிறேன். போர்வை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, இழுத்து, உதறி, நடுவில் வந்து சேர்ந்து, மறுபடி விலக வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு நானூறு தடவை ஒரே முகத்தின் பக்கத்தில் போய் வந்தால் அந்த முகத்தில் எது தெரிந்தாலும் புரிந்துவிடும். பல்வலியா, தூக்கமில்லையா, வீட்டில் வாய்ச்சண்டையா என்று அக்கா வாயைத் திறக்காமலே நான் சொல்லிவிடுவேன்.

எங்கள் சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் பின்புறம் இருந்தது. எங்கள் ஊரில் வருடத்தில் ஏழு மாதம் பனி. வாசலில் நிற்கும்போது மூக்குக்குள் ஈரம் உறைந்து குத்தும். கதவைத் தள்ளி உள்ளே வந்தால் வேர்த்துக் கொட்டும். உருளை இஸ்திரி மிஷின்களுக்கு நீராவி கொண்டுபோகும் தடித்த குழாய் ஜன்னல்களுக்குக் கீழேயே சுவர் நெடுக ஓடியது. அந்தக் குழாய்க்கு மேலே, அகலமான சிமெண்ட் திட்டில்தான் அக்காவின் செடிகள் நின்றன.

முதல் செடி குப்பையிலிருந்து வந்தது. எந்த நோயாளிக்கோ யாரோ கொண்டுவந்த செம்பருத்தி. அவர் வீடு திரும்பினாரா, வேறெங்காவது போய்ச் சேர்ந்தாரா தெரியாது. அழுக்குத் துணி வண்டியில், தலையணை உறைகளுக்கு நடுவே, இரண்டு இலையுள்ள குச்சியாகக் கிடந்தது. அக்கா சோப்புத்தூள் வந்த நீல டிரம்மை வெட்டி, அடியில் ஓட்டை போட்டு நட்டு வைத்தாள். குழாய்த் தண்ணீர் ஊற்றினாள், இலை மஞ்சளடித்தது. எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு தினமும் வேலைக்கு வரும்போது ஒரு வாளி நிறையப் பனியை அள்ளிக்கொண்டு வந்து, நீராவிக் குழாய் பக்கத்தில் வைத்து, உருகி வெதுவெதுப்பானதும் ஊற்றுவாள். அந்தக் குச்சி நான்காவது மாதம் உள்ளங்கை அகலத்தில் ஒரு பூ பூத்தது. வெளியே பனிச்சரிவுத் தடுப்பு போட்டிருக்கிறார்கள், உள்ளே சிவப்பாக ஒரு செம்பருத்தி. பார்க்க வார்டிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள்.

பிறகு ஆளாளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாடியது, அழுகியது, இலையெல்லாம் கொட்டியது. எதையும் அவள் வேண்டாம் என்றதில்லை. மல்லிகை, நந்தியாவட்டை, வெட்சி, காகிதப்பூ, அரளி என்று முப்பத்தொரு டிரம் சேர்ந்துவிட்டது. ஒரு தடவை சூப்பர்வைசர் இடுப்பில் கைவைத்து நின்று, "இது சலவைக்கூடமா, இல்ல உங்க அப்பா வீட்டுத் தோப்பா?" என்றார். அக்கா ஒரு மல்லிகைப் பூவைக் கிள்ளி அவர் சட்டைப் பையில் போட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அக்காவின் கணவரை எல்லாரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தெட்டு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். நுரையீரல் கெட்டுப்போய் முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஒரே பெண் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். டிரைவருக்குச் செடி என்றால் ஒரு கேலி. "உன் மூத்த சம்சாரம் எல்லாம் சௌக்கியமா?" என்பார், அக்கா வேலை முடிந்து வந்ததும். அது பெண்டாட்டி சொல்ல வேண்டிய வசனமாச்சே என்று அவள் சிரிப்பாள்.

குளிர் உச்சத்துக்கு வந்த மாதத்தில், ஒரு திங்கட்கிழமை, எங்கள் எல்லாரையும் நிற்கவைத்து ஒரு தாளைப் படித்தார்கள். துணி துவைப்பதை இனி வெளிக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். மாதக் கடைசியோடு சலவைக்கூடம் மூடல். இளையவர்களுக்கு வேறு பிரிவில் வேலை உண்டு. என்னைச் சமையற்கட்டுக்குப் பாத்திரம் கழுவப் போட்டார்கள். அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. அவளுக்கு ஒரு நன்றிக் கடிதம்.

எல்லாரும் கசகசவென்று பேசிக்கொண்டிருந்தபோது அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பாய்லரை என்னைக்கு அணைப்பீங்க?"

தாள் படித்தவருக்குப் புரியவில்லை. "கடைசி நாள்தாம்மா. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

அன்று போர்வை மடிக்கும்போது அவள் முகத்தை நான் பார்த்தேன். வேலை போன துக்கம் அதில் இல்லை. வேறு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வாரம், முப்பத்தொரு டிரம்.

அந்த மூன்று வாரத்தில் அக்கா ஏறாத படியில்லை. ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கேட்டாள். நோயாளி இருக்கிற இடத்தில் மண் தொட்டி கூடாது, கிருமி வரும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டாள், லீவு விட்டால் கணப்பை அணைத்துவிடுவோம் என்றார்கள். நகரப் பூங்கா ஆபீசில் இருந்த அதிகாரி நல்ல மனிதர்தான், நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசினார். "கோடையில கொண்டு வாங்கம்மா, சந்தோஷமா வெச்சுக்கறேன்," என்றார்.

"கோடையில எனக்கு எதுக்கு சார் நீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தாளாம். "கோடையில ரோட்டு ஓரத்துல வெச்சாக்கூட அதுங்க பொழைச்சுக்கும்டி. இப்பத்தான் வழியில்ல."

கடைசியில், வேறு வழியில்லாமல், எல்லாவற்றையும் தன் வீட்டுக்கே கொண்டுபோவது என்று முடிவு செய்தாள். இரண்டு அறை வீடு. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வேன் சொல்லி வைத்திருந்தாள்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, பாய்லர்காரர் மேலே ஏறி வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இப்பவே அணைக்கச் சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் எரிக்க வேண்டாமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் சொன்னா யாரு கேக்கறா? குழாயில ஒரு ரெண்டு மணி நேரம் சூடு நிக்கும். அதுக்கு மேல என்னால ஆகாது."

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினாலு டிகிரி. ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடிதான். அக்கா போனை எடுத்து வீட்டுக்கு அடித்தாள். நான்கே வார்த்தைதான் பேசினாள். அரை மணியில் டிரைவர் ஒரு தபால் வேனோடு வந்து நின்றார். பழைய சிநேகிதர் ஒருவரிடம் கெஞ்சி வாங்கிய வேன். குளிர் நாளில் வெளியே வரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த மனிதர், மூக்கை மப்ளரால் சுற்றிக்கொண்டு தானே ஓட்டி வந்திருந்தார்.

கழித்துப் போட்ட போர்வைகளை எடுத்து, ஒவ்வொரு செடியையும் அடியிலிருந்து நுனி வரை சுற்றினோம். நானும் அக்காவும் எத்தனையோ ஆயிரம் போர்வை மடித்திருக்கிறோம். அன்று பேசாமல், ஒருத்தி பிடிக்க ஒருத்தி சுற்ற, கை தன்னால் வேலை செய்தது. கதவிலிருந்து வேன் வரை பத்து எட்டு. அந்தப் பத்து எட்டையும் ஓடினோம். முதல் நடை நல்லபடியாகப் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது நடையில், பின்னால் ஒன்பது டிரம்மோடு, பாலத்து முக்கில் வேன் நின்றுவிட்டது.

டிரைவர் இறங்கி பானெட்டைத் திறந்தார். சாவியைத் திருப்பினால் கர்ர் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வேனுக்குள் சூடு இறங்கிக்கொண்டே வந்தது. அக்கா பின்னால் ஏறி, தன் கோட்டைக் கழற்றி மல்லிகை மேல் போட்டு, மற்ற டிரம்களைத் தன்னோடு அணைத்து இழுத்து வைத்துக்கொண்டாள். முன்னால் டிரைவர் இருமுகிற சத்தம் கேட்டது. நானும் போகிற வருகிற இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினோம். நாற்பது நிமிஷம் கழித்துத்தான் எஞ்சின் உயிர் பிடித்தது.

வீட்டில் போர்வையைப் பிரித்தபோது ஒன்றும் ஆகவில்லை போலத்தான் இருந்தது. இலையெல்லாம் பச்சையாக நின்றது. நான் "தப்பிச்சுதுக்கா" என்றேன். மாலைக்குள் அந்த ஒன்பது செடியும் வெந்த கீரை மாதிரி கறுத்துத் துவண்டு தொங்கின. முதன்முதலில் வந்த அந்தச் செம்பருத்தி அதில் ஒன்று.

மிச்சம் இருபத்திரண்டு. கட்டிலுக்கு இருபுறம், அலமாரி மேலே, சமையல் மேடையில், குளியலறையில் என்று வீடே செடி. டிரைவர் நடக்க ஒற்றையடிப் பாதைதான் இருந்தது. "பீக் அவர்ல கூட நான் இப்படிக் கூட்டம் ஏத்தினதில்ல," என்றார். ஆனால் கணப்பின் சூடு வறட்டுச் சூடு. நீராவியில் வளர்ந்த செடிகளுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் எழுந்தால் தரையெல்லாம் இலை. கணுவுக்குக் கணு வெள்ளையாகப் பஞ்சுப்பூச்சி அடைந்தது. அக்கா பல்குச்சியில் பஞ்சைச் சுற்றி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு பூச்சியாகத் துடைத்தாள். வேலையில்லாத அவளுக்கு அதுவே நாள் முழுக்க வேலை. காற்றில் ஈரம் வேண்டுமென்று அறைக்குள் கொடி கட்டி நனைந்த துணிகளைத் தொங்கவிட்டாள். அடுப்பில் எந்நேரமும் தண்ணீர் கொதித்தது.

செடிகள் கொஞ்சம் தெளிந்தன. ஜன்னலில் தண்ணீர் வழிந்தது. சுவர் ஊறியது. நான் ஒருநாள் போனபோது, கட்டிலுக்குப் பின்னால் சுவரில் உள்ளங்கை அளவு கறுப்பு படர்ந்திருந்தது. பூஞ்சை.

டிரைவர் இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அக்கா கடைக்குப் போனதும் என் பக்கம் குனிந்தார்.

"டாக்டர்... கேட்டாரும்மா. வீட்டுல ஈரம், செடி கிடி ஏதாச்சும் இருக்கான்னு."

"என்ன சொன்னீங்க?"

"இல்லைன்னுட்டேன்." மூச்சு வாங்கியது. "அவகிட்ட சொல்லாத. அவளுக்கு வேலையும் போச்சு. இதையும் எப்படி எடுத்து வெளிய போடச் சொல்றது?"

நான் சொல்லவில்லை. அது என் தப்பு. இன்று வரைக்கும் அது என் தப்புதான் என்று நினைக்கிறேன். நான்காம் நாள் அவரை உதடு நீலம் பாரித்த நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சேர்த்த இடத்தில் விசாரித்தபோது உண்மை வெளியே வந்தது. சுவரில் பூஞ்சை உள்ள அந்த வீட்டுக்கு அவர் திரும்பிப் போகக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

பெண் போனில் கத்தியது எனக்கே கேட்டது. "அம்மா, உனக்கு அப்பா வேணுமா, செடி வேணுமா? ஒரு வார்த்தை சொல்லு."

"அப்பாதான்டி," என்றாள் அக்கா. போனை வைத்தபிறகும் உதட்டளவில் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் என் வேலை மதியம் முடிந்தது. நேராக அவள் வீட்டுக்குப் போனேன். வீட்டு முன்னால் பனியில் எட்டு டிரம் வரிசையாக நின்றது. அக்கா ஒன்பதாவதை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தாள். கோட்டுகூடப் போடவில்லை. ஏற்கெனவே ஐந்து செடி வீட்டுக்குள்ளேயே செத்துப்போயிருந்தது. மிச்சமிருந்த பதினேழையும் தன் கையாலேயே வெளியே வைக்கப் புறப்பட்டிருந்தாள்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"பாரு, எப்படி பச்சையா நிக்குது." குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "சாயங்காலம் வரைக்கும் இப்படித்தான் நிக்கும். செத்துட்டோம்னு அதுங்களுக்கே தெரியாது."

அவள் கையிலிருந்த டிரம்மை நான் பிடுங்கினேன். அவள் விடவில்லை. பனியில் நின்று இரண்டு பேரும் ஒரு வெட்சிச் செடியை இழுத்துக்கொண்டு நின்றோம். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. பிறகு அவள் கை தளர்ந்தது. படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். சலவைக்கூடம் மூடியபோதும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் வராத அழுகை அப்போது வந்தது.

எட்டைக் காப்பாற்ற முடியாது என்று அவளே சொல்லிவிட்டாள். பிடுங்கிய வெட்சியோடு சேர்த்து ஒன்பது மிச்சம் இருந்தது. எங்கே கொண்டுபோவது? என் பஸ் நிறுத்தத்தின் எதிரே ஒரு மீன் கடை உண்டு. வெட்டி விற்கிற கடை இல்லை, தொட்டியில் வளர்க்கிற கலர் மீன் கடை. பஸ் வராத நாளில் குளிர் காய நான் அதற்குள் போய் நிற்பேன். உள்ளே நுழைந்ததும் மூக்குக் கண்ணாடி வேர்த்துப்போகும். சட்டென்று அந்தக் கடை நினைவுக்கு வந்தது.

கடைக்காரர் ஒரு முசுடு. நான் மூச்சுவிடாமல் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "மீனுக்கு வர்றவன் பூ கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்றார்.

"விக்கறதுக்கு இல்லைன்னு சொல்லுங்க."

"அப்ப கடைன்னு எதுக்கு போர்டு மாட்டியிருக்கேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே கொட்டடிக்குள் போனார். இவர் முடியாது என்கிறார் என்று நினைத்துத் திரும்பினேன். அவரோ பெரிய பெரிய தெர்மகோல் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். தூர தேசத்திலிருந்து மீன் அதில்தான் வருமாம். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து மூடினால் ஆறு மணி நேரம் சூடு இறங்காதாம். "விரல் நீள மீனையே இந்தக் குளிர்ல உயிரோட கொண்டு வர்றேன். செடி எம்மாத்திரம்?"

தன் வண்டியிலேயே வந்தார். செடிகளின் கிளையை நாசூக்காக மடக்கிப் பெட்டிக்குள் இறக்கி மூடினார். ஒன்றுக்கும் சேதமில்லை. அக்கா அந்தப் பெட்டியின் மூடியை எடுத்துத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இது மூணு வாரமா எங்கடி இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டாள். தினமும் அதன் எதிரில்தான் பஸ்ஸுக்கு நின்றேன்.

டிரைவர் பத்தொன்பது நாள் கழித்து வந்தார். அதற்குள் அக்கா சுவரை முழுக்கச் சுரண்டி, மருந்தடித்து, வெள்ளையடித்து, ஜன்னல் துவாரங்களில் காற்று போக வழிசெய்து வைத்திருந்தாள். வீட்டில் ஒரு இலைகூட இல்லை. அவருக்கு இனி சாய்ந்துதான் தூக்கம், மாடிப்படி கிடையாது. பேச்சும் குறைந்துவிட்டது.

மீன் கடையில் ஒன்பதில் ஐந்து போய்விட்டது. பட்ட அடி அப்படி. நான்கு நின்றது. அக்கா வாரம் இரண்டு நாள் போய்ப் பார்ப்பாள். ஒருநாள் போனால், வெட்சி இருந்த இடம் காலி. கடைக்காரர் இல்லாத நேரத்தில் அவர் தங்கை யாருக்கோ விற்றுவிட்டிருந்தாள். அக்கா ஒரு கூழாங்கல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"வாங்கினவங்க வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கு?" என்றாள்.

"அதை யாரும்மா கேப்பாங்க?" என்றார் கடைக்காரர். அவர் முகம் செத்துப்போயிருந்தது. அன்றைக்கே மற்ற மூன்றிலும் 'விற்பனைக்கு அல்ல' என்று அட்டை எழுதிக் கட்டினார்.

பனி போய் வெயில் வந்த பிறகு, ஒரு நாள் டிரைவர் தானாகவே, "போய்ப் பார்க்கலாமா?" என்றார். நானும் துணைக்குப் போனேன். மீன் தொட்டிகளின் விளக்கு வெளிச்சத்தில் மூன்று செடியும் நின்றன. இலை இருந்தது, மொட்டு இல்லை. ஒரு ஸ்டூலில் அவரை உட்காரவைத்தோம். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் என்னாலதான் இல்ல?" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். இல்லைங்க என்பாள் என்று நினைத்தேன். அந்த இடத்தில் யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

"அன்னைக்கு வெளிய எடுத்து வெச்சப்ப," என்றாள் அக்கா, செடியின் காய்ந்த நுனி ஒன்றைக் கிள்ளியபடி, "உங்க மேல எனக்கு அவ்வளவு கோவம். ஆஸ்பத்திரில நீங்க மூச்சுக்குத் தவிக்கறீங்கன்னு தெரியுது. ஆனாலும் கோவம். மனுஷி நெனைக்கக் கூடாததெல்லாம் நெனைச்சேன். யார்கிட்டயும் சொல்லல."

"தெரியும்," என்றார் டிரைவர்.

"எப்படித் தெரியும்?"

"ஆஸ்பத்திரில என் தலைகாணியைச் சரி பண்ணினியே... அந்தக் கையிலயே தெரிஞ்சுது."

கடைக்காரர் எங்கள் பக்கம் பார்க்காமல் வலையைப் போட்டு எதையோ பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா டிரைவரின் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினாள். மூச்சு நிதானப்படும்வரை அவர் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மூன்று பேரும் மெதுவாகச் சாலையைக் கடந்து, நிறுத்தத்தில் போய் பஸ்ஸுக்காக நின்றோம்.